பச்சையும் புழுங்கலும்

சமைக்கத் தெரிந்த எவளும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. வெந்நீர் வைக்கத் தெரியும், அவ்வளவுதான். தியாகராய நகர் வீட்டில் அம்மா வடித்துப் போடுவாள், நான் தின்றுவிட்டு மயிலாப்பூருக்கு பஸ் ஏறுவேன். அங்கே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாரத்துக்கு, இப்போதைய எட்டாம் வகுப்புக்கு, கணக்கும் பொருளாதாரமும் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பி.ஏ. படித்த திமிர் வேறு. கோபம் எப்போதும் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும்.

யுத்த காலம் அது. பர்மா அரிசி நின்றுபோய்ப் பட்டணம் முழுக்க ரேஷன் கார்டு வந்துவிட்டிருந்தது. கடையில் ஒரு வாரம் பச்சரிசி வரும், ஒரு வாரம் புழுங்கல் வரும், சில வாரம் இரண்டும் இருக்கும். எது கிடைத்தாலும் கல்லும் உமியும் நிச்சயம். அம்மா தினம் காலையில் முறத்தை வைத்துக்கொண்டு சர்க்காரைத் திட்டிக்கொண்டே கல் பொறுக்குவாள். நான் அதைக் காதில் வாங்காமல் பாடம் தயார் செய்துகொண்டிருப்பேன். தேவை, அளிப்பு, விலை என்று அழகாகக் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். வகுப்பில் அதைச் சொன்னால் பெண்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

அந்த வகுப்பில் பட்டினப்பாக்கத்திலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். அப்பா கட்டுமரக்காரர், அம்மா மீன் விற்பவள். அந்தக் குப்பத்திலிருந்து மூன்றாம் பாரம் வரை எட்டிப் பிடித்த ஒரே பெண் அவள்தான். வாய் மட்டும் வகுப்புக்கே சேர்த்து இருந்தது. ஒரு நாள் நான் ரேஷன் முறையைப் பற்றிப் பெரிதாக விளக்கி முடித்ததும் எழுந்து நின்றாள்.

"டீச்சர், கடையில அரிசி கீது. கார்டும் கீது. அப்பறம் ஏன் எங்க பக்கத்து வூட்ல ரெண்டு நாளா அடுப்பு எரியல?"

பதில் எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. "உக்காரு, அப்புறம் சொல்றேன்" என்று அதட்டிவிட்டேன். பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னோடு வந்தது. அதற்குப் பதிலாக நான் கண்டுபிடித்ததுதான் டின்.

மூடியில் குதிரைப் படம் போட்ட பெரிய பிஸ்கட் டின் அது. தலைமையாசிரியையிடம் கெஞ்சி வாங்கினேன். வகுப்பு மூலையில் கரும்பலகையை அதன் ஸ்டாண்டோடு திருப்பி நிறுத்தி, பின்னால் ஒரு முக்காலியில் டின்னை வைத்தேன். வெள்ளிக்கிழமை கடைசி மணியில் ஒவ்வொருத்தியும் வருகைப் பதிவு வரிசைப்படி, தோளில் பையோடு, தனியாகப் பலகைக்குப் பின்னால் போக வேண்டும். வீட்டில் இருப்பவள் ஒரு பிடி அரிசி போடலாம். இல்லாதவள் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். யார் போட்டாள், யார் எடுத்தாள் என்று யாரும் பார்க்கக் கூடாது, கேட்கக் கூடாது. எல்லோரும் போய்த் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு நான் படியால் அளந்து பலகையில் எழுதுவேன்.

இதைவிடப் பிரமாதமான யோசனை இந்த மெட்ராஸ் ராஜதானியில் எவருக்கும் தோன்றியிருக்காது என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவிடம் சொன்னபோது அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். நான் கேட்க விடவில்லை.

முதல் வாரம் மூன்று படி இருந்தது. பெண்கள் கை தட்டினார்கள். அடுத்த வாரம் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. மூன்றாவது வாரம் இரண்டுகூட நிற்கவில்லை. அங்கேதான் என் புத்தி புரண்டது. இல்லாதவள் எடுத்துக்கொள்ளட்டும் என்று நானே வைத்த டின், எடுத்தால் குறையத்தானே செய்யும். ஆனால் பலகையில் எண் இறங்கியதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இருபத்தெட்டு பேர் இருக்கீங்க, டின்ல ரெண்டு படி அரிசி நிக்கல. ஒரு பிடி போட மனசு வரலையா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

எடுப்பது பட்டினப்பாக்கத்துப் பெண்தான் என்று நான் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். அடுப்பு எரியாத வீட்டைப் பற்றிக் கேட்டவள் அவள்தானே. பாவம் என்று நினைத்து அவளிடம் மட்டும் இரண்டு நாள் குரலைத் தாழ்த்திப் பேசினேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். இதை இன்று எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

நாலாவது வெள்ளிக்கிழமையும் டின் நிறைந்து குறைந்தது. அதற்கடுத்த திங்கள்கிழமை மதியம் நான் வராந்தாவில் என் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். பெண்கள் வேப்ப மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பட்டினப்பாக்கத்துப் பெண்ணின் குரல் எனக்கே கேட்டது. அது ஊருக்கே கேட்கிற குரல்.

"இன்னாடி இது, ஒரு பக்கம் கொழகொழனு கீது, நடுவுல நடுவுல கல்லு மாரி நிக்குது? பச்சையும் புழுங்கலும் ஒண்ணா போட்டு வடிச்சாங்களா? உங்க வூட்ல புழுங்கலே தொட மாட்டோம்னு சொன்னியே?"

கேட்டது பக்கத்தில் இருந்த பாட்டு வாத்தியார் மகளை. மாட வீதிப் பக்கத்துப் பெண் அவள். அமைதியானவள், கணக்கில் வகுப்பிலேயே முதல். கோயிலைச் சுற்றிப் பல தலைமுறையாக இருக்கிற குடும்பம். அவள் அப்பாவிடம் பாட்டுக் கற்காத வீடு அந்தத் தெருக்களில் குறைவு என்பார்கள்.

கேள்வியில் விஷமம் இல்லை. சும்மா கேட்டதுதான். ஆனால் எல்லாப் பெண்களும் அந்த டப்பாவைப் பார்த்தார்கள். எந்த வீட்டிலும் பச்சரிசியையும் புழுங்கலையும் ஒரே பானையில் போட மாட்டார்கள். பச்சை குழைந்து கூழாகும்போது புழுங்கல் பாதிதான் வெந்திருக்கும். இரண்டும் கலந்த அரிசி இந்தப் பட்டணத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. இருபத்தெட்டு வீட்டு அரிசியும் விழுந்த என் குதிரை டின்னில்.

அந்தப் பெண் டப்பாவை மூடினாள். எழுந்து கை கழுவினாள். மதியம் முழுக்க வகுப்பில் தலை நிமிரவில்லை. மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. கரும்பலகைக்குப் பின்னால் நான் அத்தனை அக்கறையாக ஒளித்து வைத்ததை ஒரு வாய்ச் சோறு காட்டிக் கொடுத்துவிட்டது. அரிசி அரிசிதான் என்று நினைத்த மட்டி நான்.

புதன்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அம்மாதான் வாசலுக்கு வந்தாள். ஜுரம் விட்டு எழுந்த முகம். உள்ளே சுருதிப் பெட்டி உறை போட்டு மூலையில் இருந்தது. உட்காரச் சொன்னாள், மோர் கொடுத்தாள். நான் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். அவளும் சுற்றி வளைக்கவில்லை.

"குண்டு விழப்போறதுன்னு ஊரே காலி பண்ணிண்டு போச்சே, அப்போ போன பாட்டுக் கொழந்தைகள் பாதி பேர் திரும்பலே. அவருக்கு வேற தொழில் தெரியாது. கார்டுக்குக் கடையில அரிசி இருக்கு டீச்சர், இல்லேன்னு சொல்லலே. கையில இருக்கற காசுக்கு அரைக் கார்டு அரிசிதான் வாங்க முடியறது. மீதி அங்கேயே கெடக்கும்."

பட்டினப்பாக்கத்துப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் இது. என் புத்தகத்தில் இல்லாதது. கடையில் அரிசி இருப்பது வேறு, அதை வீட்டுக்குக் கொண்டுவர முடிவது வேறு.

"டின் அரிசியை வெள்ளிக்கிழமை ராத்திரி நானும் அவளும் உக்காந்து பொறுக்குவோம். பச்சை தனியா, புழுங்கல் தனியா. புழுங்கலைக் கஞ்சியா வெச்சு நாங்க ரெண்டு பேரும் குடிப்போம், அவருக்குத் தெரியாது. போன வாரம் ஜுரம், கண்ணைத் திறக்க முடியலே. அவளே கலந்து வடிச்சு எடுத்துண்டு போய்ட்டா. எல்லாம் என்னாலதான்."

"உங்களால இல்ல, என்னால" என்றேன். மூன்று வாரம் ஒரு தாயும் மகளும் விளக்கடியில் உட்கார்ந்து பருக்கை பருக்கையாகப் பிரித்திருக்கிறார்கள், நான் பலகையில் எண் எழுதிக்கொண்டு கத்தியிருக்கிறேன்.

"இனிமே பள்ளிக்கூடம் போகமாட்டேங்கறா. ஆத்துல சும்மா உக்காந்திருப்பானேன்? கும்மோணத்துல எங்க நாத்தனார் கூடமாட ஒத்தாசைக்குக் கேட்டுண்டே இருக்கா. அவ ஆத்துக்காரர் ஞாயித்துக்கிழமை வரார். திங்கக்கிழமை ராத்திரி ரயில்ல கூட்டிண்டு போவார். அங்க ரெண்டு வேளை வயிறாரச் சாப்பிடுவா."

கும்பகோணத்துச் சமையலறை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அங்கே போன பெண் நாலாம் பாரம் பார்க்க மாட்டாள். உள்ளறைக் கதவுக்குப் பின்னால் அவள் நிற்பது தெரிந்தது. கூப்பிட்டேன், வரவில்லை.

மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலிலேயே பட்டினப்பாக்கத்துப் பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். கண் வீங்கியிருந்தது.

"நா சும்மா கேட்டேன் டீச்சர். சாமி சத்தியமா எனக்குத் தோணவே இல்ல. அவ என்னாண்ட பேசமாட்டா இனிமே."

"உன் மேல தப்பு இல்ல. டின் வெச்சவ நான்" என்றேன். பிறகு, எதற்கென்று தெரியவில்லை, அவளிடமே கேட்டேன். "நீ எடுத்திருக்கியா அதுலேர்ந்து?"

"நானா? எங்கம்மா வாரா வாரம் ரெண்டு பிடி குடுத்தனுப்பும். வலையில மீன் விழுந்துக்கினு கீது, எங்களுக்கு இன்னா?" என்றாள். சட்டென்று நின்றாள். "டீச்சர், நீங்க போட்ட சட்டமே தப்பு."

"என்ன தப்பு?"

"எங்க கரையில பெரிய வலை இழுக்கறதைப் பாத்திருக்கீங்களா? இந்தாண்ட கயிறு, அந்தாண்ட கயிறு, ஊரே இழுக்கும். ஆம்பளை செத்துப்போன வூட்டுக்காரிங்க வருவாங்க, வந்து கயித்துல கை வெப்பாங்க. இழுத்தாங்களா, சும்மா புடிச்சுக்கினு நின்னாங்களான்னு ஒருத்தனும் பாக்க மாட்டான். கை வெச்சா பங்கு. இருக்கறவனுக்கும் பங்கு, இல்லாதவளுக்கும் பங்கு. இல்லாதவ மட்டும் வந்து எடுத்துக்கன்னு சொன்னா எவ வருவா? பங்குன்னா எல்லாரும் எடுக்கணும் டீச்சர்."

நான் அந்தப் பெண்ணை அங்கேயே கட்டிக்கொண்டேன். மீன் வாசனை அடித்தது. மூன்று வருஷம் காலேஜில் பொருளாதாரம் படித்தவளுக்கு ஒரு பதிமூன்று வயதுப் பெண் கொடுத்த பாடம் அது. அந்த நன்றி இன்னும் என்னிடம் அப்படியே இருக்கிறது.

அன்றைக்கே வகுப்பில் புதுச் சட்டம் போட்டேன். போட்டாலும் போடாவிட்டாலும், வெள்ளிக்கிழமை எல்லோரும் டின்னிலிருந்து எடுத்துப் போக வேண்டும். எவ்வளவு என்பது அவரவர் இஷ்டம். திங்கள்கிழமை மதியச் சாப்பாடு அந்த அரிசியில்தான், ஒருத்திக்கும் விலக்கு இல்லை. கலப்பு அரிசியை எப்படி வடிப்பது என்பதுதான் அந்த வாரத்து வீட்டுப்பாடம் என்று ஒரு சாக்கும் சொல்லிவைத்தேன். படியைக் கொண்டுபோய்ச் சமையல் வகுப்பில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அளக்காமல் இருப்பதுதான் எனக்கு இருந்ததிலேயே கஷ்டமான காரியம்.

சாயங்காலம் பட்டினப்பாக்கத்துப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு மாட வீதிப் பக்கம் போனேன். அவள் உள்ளே வரவில்லை. தெருவில் நின்றுகொண்டு ஜன்னலைப் பார்த்துப் பேசினாள்.

"இந்தா, நாளைக்கு எல்லாரும் பை எடுத்தாரணுமாம். டீச்சரு சட்டம் போட்டுட்டாங்க. போடு, போடாத, ஆனா எல்லாரும் எடுக்கணும். நீ வரலைன்னா நான்தான் உன்னைத் துரத்துனேன்னு எல்லாரும் என்னைத் திட்டுவாளுங்க. எனக்கோசரம் வாடி."

பாட்டு வாத்தியார் வீட்டம்மாதான் வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தாள்.

"எல்லாருமா எடுத்துக்கணும்?"

"எல்லாரும். நானும்" என்றேன்.

"சரி, திங்கக்கிழமை வரைக்கும் போகட்டும். அதுக்கப்புறம் அவ இஷ்டம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை பாட்டு வாத்தியார் மகள் வந்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பெயர் பெயராகப் பெண்கள் பலகைக்குப் பின்னால் போய் வந்தார்கள். அவள் முறை வந்தபோது எழுந்திருக்கவில்லை. நான் திரும்பப் பெயரைக் கூப்பிடவில்லை. பிறகு பெஞ்சு நகர்ந்த சத்தம் கேட்டது. அவள் போனாள். மூடி திறக்கிற சத்தம். எவ்வளவு நேரம் நின்றாள் என்று நான் பார்க்கவில்லை. பார்த்துவிடக் கூடாதென்று மேஜையில் இருந்த நோட்டை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். முன் பெஞ்சுக்காரி ஒருத்தி அதைப் பார்த்துச் சிரித்தாள்.

கடைசியாக நான் போனேன். அம்மாவுக்குத் தெரியாமல் கொண்டுவந்திருந்ததைப் போட்டேன். நானும் ஒரு பிடி எடுத்தேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மயிலாப்பூரிலும் சாந்தோமிலும் எத்தனை வீடுகளில் எனக்கு அர்ச்சனை நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது. புழுங்கல் சேர்க்காத வீடு எங்களுடையது என்று மூன்று அம்மாக்கள் சீட்டு எழுதி அனுப்பினார்கள். அப்படியானால் வேறொரு பாத்திரத்தில் வடித்து டப்பாவில் மட்டும் கொடுத்தனுப்புங்கள், வீட்டுப் பானைக்குத் தோஷம் வராது என்று மூவருக்கும் பதில் எழுதினேன். என் அம்மாவோ அரிசியை முறத்தில் கொட்டிப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இதைத்தான் அன்னிக்கே கேக்க வந்தேன், கேக்க விட்டியா?" என்றாள். "எல்லா வீட்டு அரிசியையும் ஒண்ணாக் கொட்டினா யாருடி அதை வடிக்கிறது?"

திங்கள்கிழமை மதியம் நான் வராந்தாவில் உட்காரவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு வேப்ப மரத்தடிக்குப் போய் வட்டத்தில் உட்கார்ந்தேன். டீச்சர் கூட உட்கார்ந்ததில் பெண்கள் நெளிந்தார்கள். பாட்டு வாத்தியார் மகள் டப்பாவை மடியில் வைத்திருந்தாள், திறக்கவில்லை. ராத்திரி ரயிலுக்கு அத்தை வீட்டுக்காரர் வந்து இறங்கியிருக்கிறார், அவள் துணிமணிகள் பையில் அடுக்கியாகிவிட்டது என்று காலையிலேயே எனக்குச் சேதி வந்திருந்தது.

மற்றவர்கள் ஒவ்வொருத்தியாகத் திறந்தார்கள். சிலது கூழாகக் கிடந்தது. சிலது பொரி மாதிரி விறைத்து நின்றது. ஒருத்தி வீட்டில் தயிரை ஊற்றி மறைத்திருந்தார்கள். பட்டினப்பாக்கத்துப் பெண்ணுடையது மட்டும் ஒழுங்காக இருந்தது. ராத்திரியே ஊறவைத்து, புழுங்கலைப் பாதி வேகவிட்டு அப்புறம் பச்சையைப் போட்டார்களாம்.

"பச்சையையும் புழுங்கலையும் எப்படிப் பிரிச்சாங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எங்கம்மா மீனுல முள்ளு எடுக்கற கை. அரிசி இன்னா பெரிசு?" என்றாள் அவள்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குகிறபோது பாட்டு வாத்தியார் மகள் டப்பாவைத் திறந்தாள். ஒரு வாய் எடுத்து மென்றாள். மென்றுகொண்டே சுற்றிலும் ஒவ்வொரு டப்பாவாகப் பார்த்தாள். கடைசியாக என்னுடையதைப் பார்த்தாள். அதில் மேலே கஞ்சி, அடியில் கல் மாதிரி வேகாத பருக்கை. அம்மா வேண்டுமென்றேதான் அப்படி வடித்தாளோ என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

அவள் முகத்தைச் சுளித்தாள். பல்லில் அகப்பட்ட பருக்கையை விரலால் எடுத்துப் பார்த்தாள்.

"சே, வேகவே இல்லே. இதை மனுஷா சாப்பிடுவாளா?" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி, அலுத்துக்கொண்டு.

ஒரு வாரம் முன்பு அதே சோற்றை மூடி வைத்துக்கொண்டு எழுந்து போனவள். இன்று மற்ற இருபத்தேழு பேரைப் போல அதைக் குறை சொன்னாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. காரமாக இருக்கிறது என்று சொல்லிச் சமாளிக்கலாமென்றால் டப்பாவில் இருந்தது வெறும் மோர்ச் சோறு.

"உங்காத்துலயும் இப்படித்தானா, டீச்சர்?"

"இதைவிட மோசம்" என்றேன். டப்பாவை நீட்டினேன். அவள் எட்டி ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினாள்.

அன்று ராத்திரி அத்தை வீட்டுக்காரர் கும்பகோணத்துக்குத் தனியாகத்தான் ரயில் ஏறினார்.